தானே கழலும் திருகாணி

நேற்றுக் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிய திருகாணி, இன்று காலையில் இரண்டு விரலால் தொட்டதுமே சுழன்று கையோடு வந்துவிட்டது.

டீச்சர் ஸ்டூலின் மேல் நின்றபடி அதை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தார். மரை தேயவில்லை. தலை சிதையவில்லை. பக்கத்திலிருந்த மற்ற மூன்றையும் தொட்டுப் பார்த்தார். அவையும் ஆடின.

ஆணி என்றால் புரிந்துகொள்ளலாம். மரம் காய்ந்து சுருங்கும்போது ஆணி நழுவும். திருகாணி அப்படியல்ல. அது மரத்துக்குள் மாடிப்படி இறங்குவதுபோலச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. வெளியே வரவேண்டுமானால் அதே படிகளில் திரும்பிச் சுற்றி ஏறியாக வேண்டும். பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து, மிஷின்களைத் தானே கழற்றிப் பூட்டிப் பழகிய டீச்சருக்கு இது தெரியாததல்ல. சும்மா கிடக்கிற திருகாணிக்கு அப்படி மேலேறி வர என்ன அவசரம்?

"என்ன பண்றே அங்க மேல?" வாசலிலிருந்து ஃபோர்மேனின் குரல்.

டீச்சர் ஸ்குரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒட்டடை அடிக்கிறேங்க."

"வீட்டையே வித்தாச்சு. ஒட்டடை யாருக்கு?"

"ஒட்டடையோடவா சாவியைக் கொடுக்கறது? பாக்கறவங்க என்னைத்தானே பேசுவாங்க?"

ஃபோர்மேன் அதை ஏற்றுக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். டீச்சர் நான்கு திருகாணிகளையும் மறுபடி இறுக்கிவிட்டு இறங்கினார். இறங்கும்போது கணவரின் முதுகை ஒரு பார்வை பார்த்தார். போலீஸ்காரர் பார்க்கிற பார்வை.

காரணம் இருந்தது. வீட்டுக்கு விலை பேசி முடித்த அன்றைக்குத் தரகர் ஒரு சட்டம் போட்டிருந்தார். தரகருக்கு அது பெருமைக்குரிய சட்டம், அவரே கண்டுபிடித்தது.

"வீடு விக்கறப்ப சண்டை எதுல வருதுன்னு நினைக்கிறீங்க? விலையிலயா? கிடையவே கிடையாது. ஃபேன்லயும் கண்ணாடியிலயும்தான் வரும். ஒரு டவல் கம்பிக்காக ரெண்டு குடும்பம் இன்னிக்கும் பேசிக்கறதில்ல, எனக்குத் தெரியும். அதனால நம்மகிட்ட ஒரே ஒரு சட்டம்தான். சாவி கொடுக்கற நாளன்னைக்கு நான் வந்து கையை வைப்பேன். வெறுங்கையால கழண்டு வந்துட்டா விக்கறவரோடது. ஸ்குரூடிரைவர், ஸ்பானர்னு ஏதாவது கேட்டுச்சுன்னா வீட்டோடது. அப்பீல் கிடையாது."

"பல்பு?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

"உங்களுது."

"பல்பு ஹோல்டர்?"

"டாக்டரோடது."

வாங்குகிறவர் ஒரு பல் டாக்டர். முன்னறையில் நாற்காலி போட்டு வைத்தியம், பின்கட்டில் குடித்தனம் என்று திட்டம். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

"சரி, என் துணிக்கொடி?" ஃபோர்மேனின் குரல் கொஞ்சம் இறங்கியது.

தரகர் பின்தாழ்வாரத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். இரும்புத் தகடு, நான்கு திருகாணி.

"டாக்டரோடது."

"அது என் சொந்த டிசைன் ஐயா!"

"டிசைன் உங்களுது சார். கொடி வீட்டோடது."

ஃபோர்மேனின் முகம் வாடிவிட்டது. டீச்சரின் நெஞ்சில் அத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மில்லில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஃபோர்மேனாக இருந்தவர், கல்யாணமான புதிதில், மழைக்காலத்தில் துணி காயாமல் மனைவி தவிப்பதைப் பார்த்துச் செய்தது. ஒரு மரச்சட்டம், அதன் குறுக்கே கம்பிகள். சட்டத்தைக் கட்டிய கயிறு மேலே ஒரு கப்பியில் ஏறி, மறுபக்கம் இறங்கி, மணல் நிரப்பிய ஒரு டப்பாவில் முடியும். தராசு மாதிரிதான். ஒரு தட்டில் துணி, மறுதட்டில் மணல். ஈரத்துணி மணலைவிடக் கனம். அதனால் கொடி கீழே நிற்கும். துணி காயக் காய எடை குறையும். ஒரு கட்டத்தில் மணல் ஜெயிக்கும். உடனே கொடி தானாகவே 'விர்'ரென்று மேலே போய்விடும். துணி காய்ந்துவிட்டது என்பதை எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம்.

யோசனையில் பிசகே இல்லை. ஒன்றே ஒன்றுதான். காய்ந்த துணி எப்போதும் கூரையை ஒட்டி இருக்கும். அதை எடுக்க ஸ்டூல் போட வேண்டும். ஈரத்துணி போடுவதற்கும், காலியாக மேலே நிற்கிற கொடியை இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கட்டு நழுவினால் போச்சு. ஒருமுறை டீச்சர் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், கையில் பிடித்திருந்த சட்டையோடு அரை அடி மேலே போய் வந்தார்.

ஆனால் முதல்நாள் அது ஏறியபோது, புது மனைவி கைதட்டிச் சொல்லிவிட்டார்: "ரொம்ப நல்லா இருக்குங்க!"

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அடுத்து வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தது. வருகிறவர்களைப் பின்னாலிருந்து தள்ளி உள்ளே கொண்டுவந்து விடும். அதற்கடுத்து குளியலறை விளக்கு. உள்ளே தாழ்ப்பாள் போட்டால்தான் எரியும். மின்சாரம் வீணாகாது, வாஸ்தவம்தான். சோப்பு எங்கே என்று தேடுவதற்கும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும்.

டீச்சர் வெளியில் எதுவும் சொன்னதில்லை. ஒரு ஃபிளாட் வேண்டும் என்று மட்டும் சொல்லிவந்தார். முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை, லிஃப்ட் இருந்தால் தேவலை என்று. உள்ளுக்குள் இருந்த ஆசை வேறு. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும். துணி போட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

இப்போது அந்த ஃபிளாட் கிடைத்துவிட்டது. சட்டப்படி கொடி இங்கேயே நிற்கிறது. இந்த நேரம் பார்த்துத் திருகாணிகள் கழல ஆரம்பித்தால் என்ன அர்த்தம்? வெறுங்கையால் வந்தால் விற்கிறவருக்கு. யாரோ கையால் வருகிற மாதிரி செய்துவைக்கிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அதில் ஒருவர் டீச்சர்.

மத்தியானம் தங்கையிடம் போனில் பேசினார்.

"அக்கா, பிடிக்கலைன்னு வாயைத் திறந்து மாமாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனேடி."

"எப்ப சொன்ன?"

"கல்யாணமான வருஷம்."

தங்கை, "சரி, இறுக்கமா மாட்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் டீச்சர் மெதுவாகக் கணவரிடம் பேச்சுக் கொடுத்தார். கண்ணைப் பார்த்துக் கேட்டால் பிடித்துவிடலாம் என்று எண்ணம்.

"ஏங்க, ஒரு ஸ்குரூ இருக்கு. அது பாட்டுக்குத் தானா கழலுமா?"

ஃபோர்மேனின் கண் பளிச்சென்றது. குற்றவாளியின் கண் மாதிரி இல்லை. பாடம் கேட்க ஆள் கிடைத்த வாத்தியாரின் கண்.

"கழலுமே! ஏன் கழலாது? அதிர்வு! மிஷின் ஓடறப்ப அதிரும். ஒவ்வொரு அதிர்வுலயும் ஸ்குரூ ஒரு மயிரிழை திரும்பும். லட்சம் அதிர்வுக்கு ஒரு சுத்து. மில்லுல நாங்க என்ன பண்ணுவோம்? ஸ்பிரிங் வாஷர் போடுவோம். வட்டத்துல ஒரு வெட்டு இருக்கும், ஒரு முனை தூக்கிக்கிட்டு நிக்கும். இறுக்கினா அமுங்கும்; ஆனா நிமிரப் பாத்துக்கிட்டே இருக்கும். அது தள்ளத் தள்ள மரை இறுகிக்கிட்டே இருக்கும். இரு, காட்டறேன்."

காட்டினார். டீச்சர் அதில் நான்கை எடுத்து வைத்துக்கொண்டார். என்ன நெஞ்சழுத்தம், கழற்றுகிற மனுஷனே பூட்டவும் சொல்லித் தருகிறாரே என்று வியந்தார். மறுநாள் காலை ஃபோர்மேன் கடைக்குப் போன நேரத்தில் நான்கையும் போட்டு முறுக்கினார்.

அன்று மாலை வழக்கம்போல டாக்டர் வந்தார். அவர் தினமும் கிளினிக்கிலிருந்து நேராக, தோல் பையோடு வருவார். ஜன்னல் அளவு, அலமாரி அளவு, திரைச்சீலை அளவு. வீடு வாங்குகிறவருக்கு இருக்கிற ஆசைதான் என்று டீச்சர் நினைத்துக்கொள்வார்.

ஃபோர்மேன் அவரைக் கொடிக்குக் கீழே நிறுத்தி, இன்னும் ஒரு தடவை விளக்கினார்.

"டப்பாவுல ஒரு பிடி மணல் கூடப் போட்டா, அரை ஈரத்துலயே ஏறிடும் டாக்டர். அயர்ன் பண்ண அதுதான் சரியான பதம்."

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார் டாக்டர். எந்த வாயைப் பார்த்தும் முகம் சுளிக்காமல் பழகியவர். "இதை... நீங்க எடுத்துட்டுப் போகலையா சார்?"

"சட்டப்படி உங்களுதாச்சே!"

"ஆமா, ஆமா. சட்டம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க உக்காருங்க சார், நான் பாட்டுக்கு அளந்துக்கறேன். டீச்சர், அந்த ஸ்டூல் கொஞ்சம் கிடைக்குமா?"

டீச்சர் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு டீ போடப் போனார்.

மறுநாள் காலை பார்த்தால் திருகாணிகள் ஆடின. அது போகட்டும். நான்கு ஸ்பிரிங் வாஷர்களும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக, சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. அதிர்வில் திருகாணி கழலலாம். அதிர்வில் வாஷர் நடந்துபோய் வரிசையில் உட்காருமா?

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக இரும்புக்கடைக்குப் போனார்.

"போல்ட்டு வேணும். உத்தரத்துல இந்தப் பக்கம் நுழைஞ்சா அந்தப் பக்கம் வரணும்."

கடைக்காரர் விரல் தடிமனில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "எதுக்கு டீச்சர்?"

"துணிக்கொடிக்கு."

"துணிக்கொடிக்கா? இதுல லாரியையே தொங்க விடலாம்."

"லாரி இருந்தா அதையும் அந்த வீட்டுலயே விட்டுட்டுத்தான் போவேன். நாலு கொடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நட்டு."

"ரெண்டு எதுக்கு?"

அதைக் கணவர் என்றைக்கோ சொல்லியிருந்தார். முதல் நட்டு போல்ட்டைப் பிடிக்கும். இரண்டாவதை அதன் மேல் கொண்டுபோய் நெருக்கினால், அது முதலாவதைத் தள்ளும், முதலாவது அதைத் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று நகரவிடாமல் காலம் முழுக்க நிற்கும். கல்யாணம் மாதிரி என்று டீச்சர் நினைத்துக்கொண்டார், கடைக்காரரிடம் சொல்லவில்லை.

ஃபிளாட் விஷயமாக ஃபோர்மேன் வெளியே போன பொழுதில், அவருடைய கைத்துளைப்பானையே எடுத்து, உத்தரத்தில் துளைபோட்டு, போல்ட்டை நுழைத்து, இரட்டை நட்டுப் போட்டு, ஸ்பானரில் தொங்கியே இறுக்கினார். முழங்கால் வலிக்காரர் என்று பார்த்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். அன்று மாலை டாக்டர் வந்தபோது உற்சாகத்தில் டீயோடு பிஸ்கட்டும் கொடுத்தார். டாக்டர் அன்றைக்கு அளவெடுக்க வெகுநேரம் ஆயிற்று. போகும்போது சட்டை தோளெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

"தாழ்வாரத்துல காத்தே இல்ல போல," என்றார் டீச்சர் இரக்கத்துடன்.

"ரொம்ப... நல்லா இருக்கு டீச்சர்," என்றார் டாக்டர்.

அடுத்த நாள் தரகர் முன்னோட்டம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். சாவி கொடுக்கிற நாளில் தகராறு வரக்கூடாதே என்று முன்கூட்டியே ஒருமுறை கைவைத்துப் பார்த்துவிடுவது அவர் வழக்கம். டாக்டரும் வந்திருந்தார். டீச்சர் அன்று காலை போல்ட்டைச் சோதிக்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடி நிறையப் போட்டிருந்தார்.

கதவு, ஜன்னல், கண்ணாடி எல்லாம் முடிந்து ஊர்வலம் பின்தாழ்வாரத்துக்கு வந்தது.

"நல்லா இழுத்தே பாருங்க," என்றார் டீச்சர் தைரியமாக.

தரகர் ஸ்டூலில் ஏறி, தகட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். வைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, காட்டினார். தகடு, போல்ட், கப்பி, கொடி, ஈர விரிப்பு எல்லாமாக அவரையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு இறங்கின. மறுபக்கம் கயிற்றின் பிடி விட்டுப்போன மணல் டப்பா 'தொப்'பென்று விழுந்து, தாழ்வாரம் கடற்கரையாயிற்று. ஸ்டூல் ஒருபக்கம் ஓடியது. தரகர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டை கொஞ்சம் அசைந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெறுங்கையால வந்துடுச்சு. விக்கறவரோடது."

"அய்யா, அது கழண்டிருக்கு! யாரோ வேணும்னே..." என்றார் டீச்சர்.

"அப்பீல் கிடையாதும்மா," என்றது மூட்டை. "யாராவது என்னை வெளிய எடுங்க."

டாக்டர் தரகரைப் பிரித்தெடுத்தார். நெற்றியில் ஒரு சின்ன வீக்கம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு ஃபோர்மேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் ஓரத்தில் ஈரம்கூடத் தெரிந்தது.

"எடுத்துட்டுப் போங்க சார். தாராளமா எடுத்துட்டுப் போங்க. எனக்குத் துளி வருத்தம் கிடையாது."

எவ்வளவு பெரிய மனசு என்று டீச்சர் உருகிப்போனார். உடனே அடுத்ததும் புரிந்தது. அப்படியானால் கொடி ஃபிளாட்டுக்கு வருகிறது.

எல்லோரும் போனபின் டீச்சர் மணலைக் கூட்டினார். தகட்டை எடுத்துப் பார்த்தார். துளைக்குள் ஏதோ மென்மையாக அடைத்திருந்தது. நோண்டி எடுத்தால், பஞ்சு. எண்ணெயில் நனைத்த, சின்ன உருண்டைப் பஞ்சு. நட்டு சத்தம் போடாமல் சுழல்வதற்காக எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

இந்த வீட்டில் பஞ்சு யாரிடம் இருக்கிறது? மில் சத்தத்துக்காக இரண்டு காதிலும் பஞ்சு வைத்துப் பழகி, வேலையை விட்டபின்னும் பஞ்சை விடாதவர் யார்? டீச்சர் கூடத்துக்குப் போய்க் கணவரைச் சுற்றி வந்து பார்த்தார். வலது காதில் பஞ்சு இருந்தது. இடது காது காலி.

"அந்தக் காதுல இருந்தது எங்கங்க?"

"எந்தக் காது?" ஃபோர்மேன் தடவிப் பார்த்தார். "விழுந்திருக்கும்."

"எங்க விழுந்துச்சுன்னு நான் காட்டவா?" பஞ்சை மேஜையில் வைத்தார். "ஏங்க இப்படி? நேருக்கு நேரா எனக்குக் கொடி வேணும்னு சொல்லியிருக்கலாமே. தினமும் கழட்டி வச்சு, எனக்கே வாஷர் பாடமும் எடுத்து..."

"நானா? நான் பூட்டினதை நானே கழட்டுவேனா?"

"நீங்க பூட்டினது இல்ல. நான் பூட்டினது!"

சொன்ன பிறகுதான் டீச்சருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஃபோர்மேன் எழுந்துவிட்டார்.

"அந்த டபுள் நட்டு... நீ போட்டதா?"

"ஆமா."

"துளை?"

"அதுவும்தான்."

"எவ்வளவு நேரா இருந்துச்சு தெரியுமா! நான் டாக்டர்தான் ஆள் வச்சுச் செஞ்சிருப்பாரோன்னு..." பெருமையில் முகம் மலர்ந்தவர் சட்டென்று நிறுத்தினார். "எதுக்குப் போட்ட?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிடிக்கலைங்க."

"எது?"

"கொடி. அப்புறம் கதவு. பாத்ரூம் லைட்டு."

"எதுதான் பிடிக்கும்?"

"ஜன்னல். அதுல நீங்க இன்னும் எதுவும் பண்ணல."

ஃபோர்மேன் மெல்ல உட்கார்ந்தார். மேஜையிலிருந்த பஞ்சை எடுத்து உருட்டினார். "ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னியே," என்றார்.

"அன்னிக்குச் சந்தோஷத்துல சொன்னேன். அப்புறம் நீங்க அடுத்தடுத்துச் செஞ்சுக்கிட்டே இருந்தீங்க. எந்த நாளன்னைக்குச் சொல்றது, சொல்லுங்க?"

"முதல் வாரமே சொல்லியிருந்தா கதவைத் தொட்டிருக்க மாட்டேனே."

"முதல் வாரம் உங்க முகத்தைப் பாத்திருந்தா நீங்களே சொல்லியிருக்க மாட்டீங்க."

அவருக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்தது, வரவில்லை.

"நான் கழட்டல," என்றார். "நம்பினா நம்பு, நம்பாட்டி போ. முதல்ல எடுத்துட்டுப் போகணும்னுதான் இருந்தேன். அப்புறம் மனசு மாறிடுச்சு. அந்த டாக்டர் தினமும் வந்து அதுக்குக் கீழயே நின்னு அண்ணாந்து பாக்கறாரு. நீங்க எடுத்துட்டுப் போகலையா, எடுத்துட்டுப் போகலையான்னு எத்தனை தடவை கேட்டிருப்பாரு? எவ்வளவு ஆசை இருந்தா ஒரு மனுஷன் அப்படிக் கேப்பாரு? இன்னிக்கு விட்டுக் கொடுக்கறப்ப கண்ணுல தண்ணி பாத்தியா? அவராவது ரசிக்கட்டும். அவருக்கே விட்டுடுவோம்."

டீச்சர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கழற்றியது யார் என்ற கேள்வி அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

"சட்டப்படி இப்ப அது நம்மளுதாச்சே," என்றார்.

"சாவி கொடுக்கற அன்னிக்குக் கைவச்சுப் பாக்கறதுதானே கணக்கு? கையால வராத மாதிரி பண்ணிட்டா போச்சு."

அன்று இருவரும் சேர்ந்து பூட்டினார்கள். இந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. டீச்சர் கீழிருந்து ஸ்பானரைப் பிடித்துக்கொள்ள, ஃபோர்மேன் மேலேறி நட்டை முறுக்கினார். முறுக்கியபின் போல்ட்டின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டி, காளான் தலைமாதிரி அகலமாக்கினார். அப்படிச் செய்தால் நட்டு வெளியே வர வழியே கிடையாது. மரை எத்தனை சுற்று விட்டாலும் அந்தத் தலையைத் தாண்ட முடியாது.

"இனிமே இதைக் கழட்டணும்னா உத்தரத்தை அறுக்கணும்," என்றார் திருப்தியோடு.

அதோடு நின்றாரா? டாக்டர் வீட்டில் நோயாளிகளுக்குப் போடுகிற துண்டுகள் நிறைய இருக்குமே என்று சட்டத்தை இரண்டு மடங்கு நீளமாக்கினார். டப்பாவில் மணலையும் கூட்டினார். கதவுக்குப் புதுக் கயிறு. குளியலறைத் தாழ்ப்பாளுக்கும் போல்ட், அதற்கும் காளான் தலை. கடைசியாக எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்தார். டீச்சரே பிரஷ் எடுத்துக் கொடுத்தார்.

"அங்க வந்து நான் எதையும் தொடமாட்டேன்," என்றார் ஃபோர்மேன், கையைத் துடைத்துக்கொண்டே. "சுவிட்சைப் போட்டா லைட்டு எரியும். அவ்வளவுதான்."

"ஒரே ஒரு அலமாரி வேணும்னா மாட்டிக்குங்க," என்றார் டீச்சர். "மாட்டின இடத்துல நிக்கற மாதிரி."

சாவி கொடுக்கிற நாள் வந்தது. சாமான் வண்டி வாசலில் நின்றது. டாக்டர் இந்தத் தடவை மனைவியையும் அழைத்து வந்திருந்தார். விலை பேசிய நாளுக்குப் பிறகு அந்தம்மா இப்போதுதான் வருகிறார். தரகர் தலையில் துண்டை நான்காக மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

பின்தாழ்வாரத்துக்கு வந்ததும் டாக்டரின் நடை நின்றுவிட்டது. கொடி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பச்சையாக நீண்டு கிடந்தது.

தரகர் கையை நீட்டித் தொட்டுவிட்டுப் பின்னால் குதித்தார். ஒன்றும் விழவில்லை. பிறகு இழுத்தார். பிறகு தொங்கினார்.

"டாக்டரோடது!" என்று அறிவித்தார்.

"உங்களுக்காகத்தான் டாக்டர்," என்றார் ஃபோர்மேன். "நீங்க விட்டுக் கொடுத்தாலும் எனக்கு மனசு வரல. கதவு, பாத்ரூம் லைட்டு, எல்லாமே உங்களுக்குத்தான். உயிரே போனாலும் கழலாது."

டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு இரண்டு முறை அசைந்தது.

"ரொம்ப," என்றார். "ரொம்ப நல்லா இருக்கு சார்."

ஃபோர்மேன் அவரைக் கட்டிக்கொண்டார். தோளில் கைபோட்டு, மணல் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி என்று காட்ட டப்பாப் பக்கம் அழைத்துப் போனார்.

டீச்சருக்குப் பக்கத்தில் டாக்டரின் மனைவி மட்டும் நின்றார். கூரையைப் பார்த்தார், காளான் தலைகளைப் பார்த்தார், மணல் டப்பாவின் முன்னால் தலையாட்டிக்கொண்டிருக்கும் கணவரைப் பார்த்தார். பிறகு டீச்சரின் காதருகே வந்து கேட்டார்:

"ஏங்க டீச்சர், வேணாம்னு பெரியவர் முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வராம, அளவெடுக்கற சாக்குல எங்க வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வந்து, நீங்க கையோட எடுத்துட்டுப் போகட்டும்னு ஒவ்வொண்ணா கழட்டி வச்சுட்டு வந்தாரே, அதையெல்லாம் மறுபடி மறுபடி யாருங்க மாட்டினது?"